பரங்கிப்பேட்டை ரகசியம்

எங்கள் வீட்டு வரலாற்றில் இரண்டே காலகட்டங்கள். ஈயச்சொம்பு உருகுவதற்கு முன், உருகிய பின். சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டில், ஒரு மார்கழிக் காலை, அத்தை ரசத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கோலம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டு மாமியும் அதே நேரத்துக்கு அதே சந்தேகத்தோடு வாசலுக்கு வந்தது விதி. பேச்சு முடிந்து அத்தை உள்ளே வந்தபோது சொம்பையும் காணோம், ரசத்தையும் காணோம். பர்னருக்கு அடியில் பிறை நிலா மாதிரி ஒரு வெள்ளைத் தகடு, அதன்மேல் கருகிய நாலு கொத்தமல்லித் தழை.

பாட்டி அழவில்லை, திட்டவில்லை. "சொம்பை ரசம்தாண்டி காப்பாத்திண்டு இருந்தது. நீ ரசத்தைக் காப்பாத்தலை" என்றாள். பின்னாளில் கல்லூரியில் எனக்கு வெப்ப இயலை மூன்று பருவம் நடத்தினார்கள். பாட்டி சொன்ன அளவுக்கு ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரசம் கொதிப்பது 100 டிகிரியில். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு அதைத் தாண்டி ஏறாது. வற்றியதும் சொம்பே ரசமாகிவிடும்.

அந்த வீட்டில்தான் ஈயம் பூசுகிறவரையும் பார்த்திருக்கிறேன். தெருவோரம் குழி தோண்டி, துருத்தியைப் பதித்து, கரி போட்டு, பித்தளைத் தவலையைச் சுடச்சுடக் காய்ச்சுவார். நவாச்சாரப் பொடியைத் தூவியதும் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும். வேடிக்கை பார்க்கிற பையன்கள் அத்தனை பேரும் இருமுவோம், ஆனால் நகரமாட்டோம். புகை அடங்குவதற்குள் ஈயக் குச்சியால் ஒரு தேய்ப்பு, அழுக்குப் பஞ்சால் ஒரு சுழற்று. கறுத்துக் கிடந்த தவலையின் வயிற்றுக்குள் பாதரசம் ஓடின மாதிரி ஒரு வெளிச்சம் வட்டமாகச் சுற்றிக்கொண்டு போகும். தலைமுடித் தடிமன்கூடத் தேறாத திரவம் அது. ஆறினதும் அப்படியே ஒட்டிக்கொண்டு, பித்தளையையும் புளியையும் பேசவிடாமல் மாதக்கணக்கில் பிரித்து வைக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற மகனால் ஒரு நாள்கூட முடியாத காரியம்.

பத்தர் வேலையும் இதே சங்கதிதான். சங்கிலியின் கண்ணியைச் சேர்க்க வெங்காரத்தைத் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் ஊதுவார். பொடி என்பது தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவை. அது உருகின நொடியில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இடுக்குக்குள் தானாகவே ஓடிப் பரவிவிடும். ஒட்டினது எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. ஒருவன் நயமாகப் பேசி உள்ளுக்குள் எதையோ சொருகினால் 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அந்தப் பொடியும் இதுதான் என்பது என் கட்சி. மூக்குப்பொடிக் கட்சிக்காரர்களோடு எனக்குத் தகராறு இல்லை.

உலோகத் தொழில் என்றால் நெருப்பு, சம்மட்டி, வியர்வை என்று நினைக்கிறோம். வேலையை நடத்துவது பெரும்பாலும் நடுவில் கிடக்கும் இந்த ஈரம்தான். திரையை விலக்கிப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. ஆனால் எல்லாம் அதனால்தான் நடக்கும். எங்கள் ஊரில் இதற்குக் காலங்காலமாக ஒரு பெயர் இருக்கிறது: சிதம்பர ரகசியம்.

அந்த ரகசியத்தின் தலைக்கு மேலே இருக்கிற பொற்கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வேய்ந்தது ஆதித்த சோழன் என்பார்கள், இல்லை அவன் மகன் பராந்தகன் என்பார்கள், பின்னால் குலோத்துங்கனின் தளபதி நரலோக வீரனும் தன் பங்குக்குப் பொன் வேய்ந்ததாகக் கல்வெட்டில் எழுதி வைத்தான். ஒரு கூரை, இத்தனை உரிமையாளர்கள். ஓடு 21,600, ஆணி 72,000 என்று மட்டும் தீட்சிதர்கள் கணக்குத் தவறாமல் சொல்லுவார்கள். நாளொன்றுக்கு மனிதன் விடும் மூச்சும், உடம்பில் ஓடும் நாடியும் அத்தனையாம். எண்ணிப் பார்க்க ஏறினவர் யாரையும் நான் சந்திக்கவில்லை.

ஒரு பொருள் யாருடையது என்ற கேள்வியில் இந்த வட்டாரம் எப்போதுமே தாராளம். கடலூர்க்காரர்களைக் கேளுங்கள். 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? சங்கிலி பிடித்து அளக்கவில்லை. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு என்று ஒப்பந்தம். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகமே பெயர் வைத்துக் கொண்டாடுகிறதே, அந்தப் புண்ணியவான்தான். இருப்பதிலேயே தூரமாகச் சுடக்கூடிய பித்தளைப் பீரங்கியைத் தேர்ந்தெடுத்து அனுப்பி, மற்றதெல்லாம் பீரங்கிக்காரனின் கைத்திறமை என்று சொல்லியும் அனுப்பினார். பீரங்கி நாலா பக்கமும் சுட்டது. குண்டு விழுந்த இடம்வரை கம்பெனிக்குச் சொந்தம். அந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. காலையில் மராத்தியக் குடிமகனாகச் சாணி தட்டிக்கொண்டிருந்தவன், தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டதும் ஆங்கிலேயக் குடிமகனாகிவிட்டான். சாணியின் நிறத்தில் மாற்றமில்லை.

இந்தப் பீரங்கியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் பி.முட்லூரில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கிற இடம். போர்ச்சுக்கீசியர்கள் வந்து போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம், என்று பெயரிட்டார்கள். நாம் அவர்களைப் பரங்கி என்று சொல்லி, பரங்கி குடியிருந்த பேட்டை என்று பழிவாங்கினோம். முஸ்லிம் வணிகர்களுக்கு அது மஹ்மூது பந்தர். டச்சுக்காரர்களும் டேனிஷ்காரர்களும்கூடக் கடை விரித்தார்கள். இந்த ஊர் பெயரில் தங்கப் பகோடாவே புழங்கியது. தின்கிற பகோடா அல்ல, காசு. 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் அயர் கூட்டும் இங்கேதான் மோதினார்கள். ஹைதர் தோற்றார். பள்ளிப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சண்டைக்கு அரை நூற்றாண்டு கழித்து, இங்கே இன்னொரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். ஜோசையா மார்ஷல் ஹீத். 1806-ல் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் சேர்ந்தவர். பறவை பிடித்து ஆராய்வதில் மோகம் உண்டு. சேலத்தில் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தபோது, பறவையை விட்டுவிட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டார். அதோடு அவர் குடும்பத்துக்குச் சனி பிடித்தது.

அவர் சேலத்தில் பார்த்தது நம்மூர்க் கொல்லர்கள் உருக்குச் செய்கிற முறை. ஒரு சின்ன மண் மூசை. உள்ளே இரும்புத் துண்டு. கூடவே பொடியாக நறுக்கிய காய்ந்த ஆவாரங்கட்டை. மேலே இரண்டு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபது இருபத்திநாலு மூசைகளை அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால் உள்ளே உருக்கு. ஆற வைத்து உடைத்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கட்டி. ஐரோப்பாவில் இதை 'ஊட்ஸ்' என்று சொல்லித் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பெயர் எடுப்பதற்கு முன்னால் வருஷக்கணக்காக இந்தக் கட்டியை அறுத்தும் உருக்கியும் பார்த்தவர். எருக்கிலை போடுவது எதற்கு என்று கொல்லரைக் கேட்டிருந்தால் 'எங்கப்பா போட்டாரு' என்றிருப்பார். இலையும் கட்டையும் எரிந்து கரியாகி இரும்புக்குள் ஊறுகின்றன என்று ஹீத் புரிந்துகொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எகிப்தியர்கள் தங்கள் கல் தூண்களில் எழுத்துப் பொறித்ததே இந்திய உருக்கு உளியால்தான் என்றும் 1839-ல் ஒரு கட்டுரையில் வாதாடினார். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே ஒரு வெள்ளைக்காரர் நமக்காக இந்த வேலையைச் செய்திருக்கிறார் என்பதை நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

உள்ளங்கைக் கட்டி போதாது, டன் கணக்கில் செய்யலாம் என்று ஹீத் முடிவு கட்டினார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனி உரிமையைச் சென்னை அரசாங்கத்திடம் வாங்கினார். கடனும் வாங்கினார். 1830-ல் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது.

இடத் தேர்வைக் கொஞ்சம் கவனியுங்கள். இரும்புத் தாது இருப்பது சேலத்துக் கஞ்சமலைப் பக்கம். சித்தர் கோயில் உள்ள மலை. உலை இருப்பது வங்காள விரிகுடா ஓரத்தில். மாவு ஒரு ஊரில், தோசைக்கல் இன்னொரு ஊரில். நடுவில் 200 கிலோமீட்டர். கல்லை வண்டியிலும் படகிலும் ஏற்றிக் கொண்டுவந்து உருக்கிக் கப்பலேற்றிச் செஃபீல்டுக்கு அனுப்புவது திட்டம். சுண்ணாம்புக்குக் கவலையில்லை, கடற்கரைக் கிளிஞ்சலைப் போட்டார்கள். எரிக்க நிலக்கரி கிடையாது. எனவே தென்னாற்காட்டுக் காட்டை வெட்டிக் கரி சுட்டார்கள். காடு வருஷத்துக்கு வருஷம் தள்ளிக்கொண்டே போயிற்று. கரி வண்டியும் அதைத் துரத்திக்கொண்டே போயிற்று. காடு ஓடின வேகத்துக்கு மாடு ஓடவில்லை. கம்பெனியின் நஷ்டக் கணக்கை இந்த ஒரு வரியில் முடித்துவிடலாம். அப்புறம் பேப்பூரிலும் ஓர் உலை வைத்தார்கள், கம்பெனியின் பெயரை மாற்றினார்கள், இயக்குநர்களை மாற்றினார்கள். பெயரை மாற்றிய கம்பெனி பிழைத்ததாகச் சரித்திரம் குறைவு.

ஆனால் இரும்பு? இரும்பு அருமை. காரணம், அந்தக் கரி. இங்கிலாந்தில் நிலக்கரியைச் சுட்ட கோக்கில் உருக்குவார்கள். அதில் கந்தகம் உண்டு. விறகுக் கரியில் கந்தகம் இல்லாத குறைதான். கந்தகத்தில் என்ன தப்பு என்கிறீர்களா? இங்கேதான் அந்த ஈரம் மறுபடி உள்ளே வருகிறது. இந்தத் தடவை வில்லனாக.

ஒரு செங்கல் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பும் உள்ளுக்குள் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் செங்கல் போல நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நூறில் ஒரு பங்கைவிடக் குறைவாகக் கந்தகம் நுழைந்தாலும், உருகின இரும்பு உறையும்போது அது உள்ளே உட்கார இடம் கிடைக்காமல், இரும்போடு சேர்ந்து இரும்புக் கந்தகையாகிப் படிகங்களுக்கு நடுவில் ஒதுங்கும். ஆறின இரும்பில் அது சாது. சம்மட்டிக்காக மறுபடி உலையில் வைத்து 1,100 டிகிரி, 1,200 டிகிரி என்று சிவக்கக் காய்ச்சும்போது பாருங்கள். இரும்பு 1,538 டிகிரிக்குத்தான் உருகும், அது திடமாகவே நிற்கிறது. ஆனால் இந்தக் கந்தகைச் சேர்மானம் 988 டிகிரியிலேயே உருகிவிடும். உருகினது உருண்டையாக நின்றாலும் பரவாயில்லை. சோம்பேறி உறவினன் மாதிரி கிடைத்த இடமெல்லாம் பரவிப் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு செங்கல்லையும் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப் படலம். இப்போது அது சுவரில்லை. சாந்துக்குப் பதில் வெண்ணெய் வைத்து அடுக்கிய சுவர். கொல்லர் சம்மட்டியை ஓங்கி ஒரு போடு போட்டார் என்றால், ஆலமரத்தண்டி இருந்த இரும்பு பொரி உருண்டை மாதிரி உதிர்ந்துவிடும். பார்க்கிறவன் இரும்பைத் திட்டுவான். குற்றம் இரும்பின் மேல் இல்லை, நடுவில் கிடந்த ஈரத்தின் மேல்.

செஃபீல்டு உருக்குக்காரர்களுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. இங்கிலாந்து இரும்பில் செய்தால் உடைகிறது, ஸ்வீடன் இரும்பில் செய்தால் உடையவில்லை என்பது மட்டும் தெரியும். எனவே ஸ்வீடன்காரன் சொன்ன விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பரங்கிப்பேட்டையில் கையைச் சுட்டுக்கொண்ட ஹீத் செஃபீல்டுக்குத் திரும்பி, மூசைக்குள் மாங்கனீஸைப் போட்டுப் பார்த்தார். மாங்கனீஸையும் கரியையும் சேர்த்துச் சுட்ட ஒரு கூட்டுப் பொருள். நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு போட்டால் போதும். இங்கிலாந்தின் சொந்த இரும்பே ஒழுங்காக வளைந்தது, அடி தாங்கியது, ஒட்டியது. 1839 ஏப்ரலில் காப்புரிமை பதிவானது.

நடந்தது இதுதான். கந்தகத்துக்கு இரும்பைவிட மாங்கனீஸின் மேல் பிரியம் ஜாஸ்தி. மாங்கனீஸைக் கண்டதும் இரும்பைக் கைவிட்டு அதோடு போய்விடும். அப்படி உருவாகிற மாங்கனீஸ் கந்தகை 1,600 டிகிரிக்கு மேல்தான் உருகும். பரவுகிற குணமும் கிடையாது, சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் மாதிரி தனித்தனி முத்தாக ஒதுங்கி நிற்கும். வெண்ணெய் போய்க் கோலிக்குண்டு வந்தாயிற்று. சுவர் நின்றது. ஆக்ஸிஜன் செய்கிற சில்மிஷத்தையும் மாங்கனீஸே அடக்கிவிடும், அது உபரி. ஹீத் இதில் எதையும் பார்க்கவில்லை. பார்க்க நுண்ணோக்கி முறைகளும் வரவில்லை. எருக்கிலை போட்ட சேலத்துக் கொல்லர் மாதிரி, ஏன் என்று தெரியாமலே போட்டார். வேலை செய்தது.

இனிமேல்தான் கூத்து. மாங்கனீஸ் கூட்டுப் பொருளைத் தனியாகத் தயாரித்து, எடை போட்டுப் பொட்டலம் கட்டி விற்றார் ஹீத். வாங்குகிறவன் பொட்டலத்தை மூசையில் போடவேண்டும், ஹீத்துக்குக் காசு கொடுக்கவேண்டும். விற்பனை ஏஜென்ட் அன்வின் என்பவர். ஒரு நாள் ஹீத்துக்கு மூளையில் மின்னலடித்தது. கூட்டுப் பொருளை முன்கூட்டியே எதற்குச் செய்யவேண்டும்? மாங்கனீஸ் ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாக நேரே மூசையில் போட்டால், அந்தச் சூட்டில் உள்ளேயே கூட்டுச் சேர்ந்துவிடுமே! செலவு கொஞ்சம்தான். இந்த அபாரமான யோசனையை அவர் உலகத்திலேயே ஒரே ஒருவரிடம் சொன்னார். ஏஜென்டிடம்.

இட்லி மாவை அரைத்து விற்கிறவன், வாடிக்கைக்காரனை உட்காரவைத்து அரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு என்று சொல்லிக்கொடுத்த கதை. அன்வின் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஹீத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கேட்டதற்குச் சொன்ன பதில் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்க வேண்டியது. உங்கள் காப்புரிமையில் மாங்கனீஸ்-கரிக் கூட்டுப் பொருள் என்று எழுதியிருக்கிறது. நான் அதைப் போடவில்லை. மாங்கனீஸ் ஆக்சைடு போடுகிறேன். கரி போடுகிறேன். இரண்டும் உள்ளே போய்க் கல்யாணம் செய்துகொண்டால் நான் என்ன செய்யட்டும்?

பீரங்கியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா. தேவனாம்பட்டினத்தில் குண்டு விழுந்த இடம்வரை சொந்தம் என்று வாங்கிய அதே இனம், செஃபீல்டில் ஹீத்தின் குண்டு எங்கே விழுந்தது என்று முழக்கோல் வைத்து அளக்க ஆரம்பித்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு கோர்ட் இப்படிச் சொல்லும், மேல் கோர்ட் அப்படிச் சொல்லும். கேள்வி ஒன்றுதான். அடைத்த மூசைக்குள், வெள்ளைச் சூட்டில், இரும்பு உருகுவதற்கு முன்னால், அந்தக் கூட்டுப் பொருள் ஒரு கணமாவது உருவாகிறதா இல்லையா? வேதியியல் நிபுணர்கள் கூண்டேறி உருவாகிறது என்றார்கள், உருவாகவில்லை என்றார்கள். மூசைக்குள் எட்டிப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. திரைக்குப் பின்னால் இருப்பது ஆகாசம் என்று ஒரு கட்சி, வெறும் சுவர் என்று ஒரு கட்சி. அந்த வாதத்துக்கு எங்கள் ஊர் தீட்சிதர் ஒருவரைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தால் ஒரு தட்டுத் தேங்காய் மூடியோடு பிரச்சினையை முடித்துக் கொடுத்திருப்பார்.

1851-ல் ஹீத் இறந்துபோனார். வழக்கு இறக்கவில்லை. 1855-ல் பிரபுக்கள் சபை கடைசித் தீர்ப்புச் சொன்னது. அபிப்பிராயம் கேட்கப்பட்ட நீதிபதிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஆனால் தீர்ப்பு ஹீத் தரப்புக்கு விரோதம். அன்வின் போட்டது வேறு, ஹீத் எழுதியது வேறு. அதற்குள் செஃபீல்டில் மாங்கனீஸ் போடாத மூசை அபூர்வம். ஸ்வீடன் இரும்புக்குக் கொடுத்த பணம் மிச்சமாகி உருக்கு விலை சரிந்து, முதலாளிகள் மாடி கட்டிக்கொண்டார்கள். 1864-ல் தன் உலோகவியல் புத்தகத்தில் இந்தக் கதையைச் சொல்ல வந்த ஜான் பெர்சி பொறுமை இழந்துதான் எழுதினார்.

மாங்கனீஸ் விஷயத்தில் ஏமாந்தவர் ஹீத் ஒருவர்தான் என்றால் தனிமனித சோகம் என்று விட்டுவிடலாம். அடுத்தவரும் உண்டு. 1856-ல் ஹென்றி பெஸ்ஸமர், உருகின இரும்புக்குள் காற்றை ஊதி அரை மணியில் உருக்குச் செய்யலாம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். உரிமம் வாங்கினவர்கள் உலை கட்டி ஊதினார்கள். வந்த உருக்கு சம்மட்டியைக் கண்டதும் உதிர்ந்தது. காரணங்கள் பல, நம் பழைய வில்லனும் அதில் உண்டு. ராபர்ட் மஷெட் என்கிறவர் மாங்கனீஸ் கலந்த ஒரு வார்ப்பிரும்பைக் கடைசியில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். 1859-ல் அதைப் புதுப்பிக்க 50 பவுன் முத்திரைத்தாள் கட்டணம் கட்டவேண்டும். கட்டவேண்டியவர்கள் கட்டவில்லை. காப்புரிமை காலாவதி. பெஸ்ஸமர் கோடீஸ்வரர். மஷெட்டின் பதினாறு வயது மகள் மேரி 1866-ல் நேராக லண்டனுக்குப் போய், எங்கள் அப்பா கண்டுபிடித்ததை வைத்துத்தானே பிழைக்கிறீர்கள் என்று பெஸ்ஸமரின் முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் கடனை அடைத்து, பிறகு வருஷத்துக்கு 300 பவுனும் கொடுத்தார். சட்டப்படி ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். மாங்கனீஸ் போடுவது ஊரறிந்த பொதுச்சொத்து என்பது அவர் வாதம். பொதுச்சொத்தாக்கிக் கொடுத்த புண்ணியவான் பரங்கிப்பேட்டைக்காரர்.

பரங்கிப்பேட்டை உலை 1860-களோடு அணைந்தது. வேல்ஸில் மெனாய் ஜலசந்தியின் மேல் கட்டிய பிரிட்டானியா பாலத்துக்கு இங்கிருந்து இரும்பு போனது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கஞ்சமலைக்கும் ஒரு பின்கதை உண்டு. அதன் அடிவாரத்தில் இரும்பாலை வேண்டும் என்று சேலத்துக்காரர்கள் போராடி, 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 1981-ல் ஆலை ஓடத் தொடங்கியது. கஞ்சமலைத் தாதை உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த சுருளைத் துருப்பிடிக்காத தகடாக உருட்டியது. சித்தர் அப்படியே மலைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

நியாயமாகச் சொல்லவேண்டும், உருக்காலைக்காரர்கள் ஈரத்தைப் பகைவனாக மட்டும் பார்ப்பதில்லை. இன்றைக்கு உருக்கை வார்க்கிற விதம் தொடர்வார்ப்பு. தண்ணீர் ஓடுகிற செம்பு அச்சுக்குள் மேலேயிருந்து உருகின உருக்கை ஊற்றிக்கொண்டே இருக்க, கீழேயிருந்து தோல் உறைந்த பாளமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். ஊற்றுகிற வாயில் ஒரு பொடியைத் தூவுவார்கள். சுண்ணாம்பு, சிலிக்கா வகையறா. அது உருகி, அச்சுக்கும் பாளத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு கனத்துக்கு வழிந்து இறங்கும். அந்தப் படலம் அறுந்தால் உருக்கு செம்போடு ஒட்டும். ஒட்டினால் தோல் கிழியும். கிழிந்தால் 1,500 டிகிரி உருக்கு கீழே கொட்டும். கீழே நிற்கிறவர்கள் ஓடவேண்டும். ஒரு தடவை ஓடினவரிடம் பேசியிருக்கிறேன். பொடி தூவுகிற பையனுக்குத் தீபாவளிக்குத் தனியாக இனிப்புக் கொடுப்பதாகச் சொன்னார்.

இனிப்பு என்றதும் ஞாபகம். போன மாசம் பரங்கிப்பேட்டைக்குப் போயிருந்தேன், ஹீத்தின் உலை இருந்த இடத்தைத் தேடுவதாகச் சாக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளாற்று முகத்தில் பையன்கள் நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடல் உயிரியல் மையத்து மாணவர்கள் பாட்டில் பாட்டிலாக ஆற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தார்கள். ஹீத் என்ற பெயரைச் சொன்னால் 'எந்த ஸ்ட்ரீட்டு?' என்று கேட்டார்கள். கடைசியில் அல்வாக் கடையில் போய் நின்றேன். பரங்கிப்பேட்டை அல்வாவுக்கு ஒரு பெயர் உண்டு. பின்கட்டில் பெரிய கடாயில் கிளறல் நடந்துகொண்டிருந்தது. கிளறுகிறவருக்கு அறுபது வயதிருக்கும், முண்டா பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கரண்டி நெய்யை ஓரமாக விட்டு, துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். கடாயின் விளிம்பு முழுக்க நெய் ஒரு பளபளப்பாக ஓடி வளைந்தது. அதுவரை இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அல்வா மொத்தமும் ஒரே உருண்டையாக விடுபட்டு நடுவில் வந்து நின்றது.

"எப்ப இறக்கணும்னு எப்படி பாய் தெரியும்?"

"ஒட்டாம சுத்தணும் தம்பி. நெய்யி உள்ள இருக்கவும் கூடாது, வெளிய வடியவும் கூடாது. நடுவுல நிக்கணும்." துடுப்பைத் தட்டி வைத்தார். "அம்பது வருசமா கிண்டுறேன். எங்க நிக்கிதுன்னு நான் பாத்ததில்ல."

கால் கிலோ வாங்கிக்கொண்டேன். கட்டித் தந்த காகிதம் பி.முட்லூர் வருவதற்குள் நெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதன் வழியாகப் பஸ் டிக்கெட்டின் எண்ணைப் படிக்க முடிந்தது.